நான்கு நிமிட ஊதா

தாப்பா ரோட்டில் காலை ஒன்பதுக்கே வெயில் ஏறிவிடும்.
வண்டியைத் தகரக் கூரைக்கடியில் தள்ளிவிட்டு
பானெட் ஆறட்டும் என்று நிற்கிறேன்.
சூட்டோடு தெளித்தால் மருந்தே கறையாகிவிடும்.

வெள்ளை ஹோண்டா. மில் துணை மேனேஜர் ரிட்சுவானுடையது.
இரண்டு தடவை சோப்பு போட்டாகிவிட்டது.
கண்ணுக்குப் பளிச்.
கண்ணை நம்பி இந்தத் தொழில் பண்ண முடியாது.

நாசி லெமாக் வாங்கிவந்த பிளாஸ்டிக் பையைக்
கையில் மாட்டிக்கொண்டு
கதவின்மேல் மெல்லத் தடவினேன்.
வெறுங்கைக்குப் பிடிபடாதது
பைக்குள்ளிருந்து தெரியும், ஏனென்று கேட்காதீர்கள்.
வலப்பக்கம் குழந்தைக் கன்னம்.
இடப்பக்கம் மூன்று நாள் தாடி.

குனிந்து பார்த்தால் ஆரஞ்சுப் புள்ளிகள்,
கசகசா அளவுகூட இல்லை.
ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் துணுக்கு.
சுடச்சுட வந்து விழுந்து
பெயின்டின் தோலுக்குள் உட்கார்ந்து
பேராக்கின் மழையைக் குடித்துத் துருவானது.

"தண்டவாளத்துத் தூசி" என்றார் ரிட்சுவான்.
"இல்லை, பிரேக் தூசியாக இருக்கும்" என்று அவரே திருத்தினார்.
இருக்கலாம் என்றேன்.

அவர் எங்கே நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியும்.
மில் பட்டறைச் சுவரோரம், நிழலுக்காக,
மூக்கு ஆபீஸைப் பார்க்க
இடக்கதவு பட்டறைச் சன்னலைப் பார்க்க.
உள்ளே கிரைண்டர் பிடிப்பது குணாளன்.
என் வீட்டுக்காரர்.

செம்பனைக் குலை வேகிற கூண்டுகளின் சக்கரம்,
தேய்ந்த திருகு, விட்டுப்போன வெல்டிங்,
எல்லாம் அவர் கைக்குத்தான் வரும்.
அழுத்துவார். பொறி பறக்கும்.
எங்கே போகிறாய் என்று எந்தப் பொறியையும்
யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

தெளித்தேன்.
முகமூடிக்குள்ளும் அழுகிய முட்டை நாற்றம்.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு புள்ளி ஊதா.
பிறகு கதவு முழுக்க
நாவல்பழம் தின்ற நாக்கு.
கோடு கோடாக இறங்கி
சிமென்டில் சொட்டியது.
எதிர்க்கடை ஆ லியோங் எட்டிப் பார்த்து
யாரை அடித்தாய் என்று மலாயில் கேட்டான்.

மார்ச்சில் ஒன்று அவர் கண்ணில் விழுந்தது.
தாப்பா ஆஸ்பத்திரியில் ஊசி முனையால் எடுத்தார்கள்.
எடுத்த இடத்தில் துரு வளையம் ஒன்று நின்றுவிட்டது,
அதைச் சுரண்ட மறுநாள் வரச் சொன்னார்கள்.
அரை நாள் லீவு போதும் என்று
பாரத்தில் கையெழுத்திட்டவர் பெயர்
இந்த வண்டியின் கிராண்டிலும் இருக்கிறது.

நான்கு நிமிடம். காயவிடக் கூடாது.
தண்ணீர் பாய்ச்சினேன். ஊதா சாக்கடைக்குப் போனது.
மிச்சத்துக்குக் களிக்கட்டி.
சோப்புநீர் வழுக்க வழுக்கத் தேய்த்து,
அழுக்கேறிய முகத்தை உள்ளே மடித்து,
மறுபடி தேய்த்து,
ஒருமுறை கை தவறித் தரையில் விழுந்தது.
விழுந்த களியை வண்டியில் வைக்கக் கூடாது.
போச்சு, இருபத்தெட்டு வெள்ளி.

சாயங்காலம் ரிட்சுவான் கதவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.
நூற்றெண்பது வெள்ளியை எண்ணி வைத்தார்.
"இது திரும்ப வருமா?"

வேறு இடத்தில் நிறுத்துங்கள் என்பதுதான் நியாயமான பதில்.
ஏன் என்பார். சொல்ல வேண்டிவரும்.
மறுநாளே பட்டறைச் சன்னலுக்குத் தகரம் அடிப்பார்கள்,
பறக்க இடமில்லாத தூசு முழுக்க
உள்ளே இருக்கிறவருக்கு.

"வரும்" என்றேன்.
"ஆறு மாதத்துக்கு ஒருதடவை கொண்டுவாங்க."

இரவு, தூங்கிக்கொண்டிருந்தவரின் முன்கையை
விரலால் தடவினேன்.
சொரசொர.
பை தேவைப்படவில்லை.
என்ன என்றார், கண்ணைத் திறக்காமல்.
ஒன்றுமில்லை, இன்றைக்கு நூற்றெண்பது என்றேன்.
களிக்கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.