உப்புக்குப் பெறாதது

சம்பள உறையில் மிஞ்சியது மூவாயிரம் பெசோ.
அதிலும் இருநூறு பேருந்துக்கு.
லா பலோமாவில், ரொட்டிக்கடைக்கும் பூட்டிக் கிடக்கும் சலூனுக்கும் நடுவே
வால்டெமாரின் தூண்டில் கடை.
ஏப்ரல் பிறந்துவிட்டது.
கோடைக்காரர்கள் மொந்தேவீதேயோ திரும்பியாயிற்று.
அவர்கள் உருண்டு புரண்ட படுக்கைவிரிப்புகளை
நான்கு மாதம் வெளுத்த கை என்னுடையது.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ரீல்கள்.

முதலாவது தங்கநிறம், கல்யாணக் களை.
பன்னிரண்டு பேரிங் என்று அட்டை கூவுகிறது.
சுழற்றினேன், வெண்ணெயாய் ஓடியது.
கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்தேன்.
லொடக்.
தானம் வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
இது என் காசு.
இன்னொரு முறை அசைத்தேன்.
லொடக், லொடக்.

இரண்டாவது ஜப்பான்காரன் செய்தது.
பதினோராயிரம்.
எடுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வைத்தேன்.

மூன்றாவது கறுப்பு. கனம். முகவெட்டு கிடையாது.
டிராக் குமிழைத் தளர்த்தி நூலை இழுத்தேன்.
திக்காமல் வந்தது.
இறுக்கினேன், அப்போதும் திக்கவில்லை,
கொஞ்சம் யோசித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.
"அதில் நாலே பேரிங்," என்றார் வால்டெமார்
மன்னிப்புக் கேட்கும் குரலில்.
"பன்னிரண்டு இருந்தால் பன்னிரண்டும் துருப்பிடிக்கும்," என்றேன்.
இரண்டாயிரத்து நூறு.

இனி நூல்.

எட்டு இழை முறுக்கிய பிரெய்டை எடுத்து வைத்தார்.
பச்சை. தலைமுடி கனம்.
வெகுதூரம் பறக்குமாம்,
மீன் கொட்டாவி விட்டாலும் விரலுக்குத் தெரியுமாம்.
நான் மீன்பிடிக்கும் பாறைகளை நினைத்தேன்:
மசிலிச் சிப்பிகள் வாயைத் திறந்துகொண்டு
ஆயிரம் சவரக்கத்தி.
அங்கே இவ்வளவு மெல்லிய ஒன்றை,
இவ்வளவு விலையுள்ள ஒன்றை அனுப்ப மனம் வரவில்லை.

"அப்படியென்றால் தங்கூசிதான். ஆனால் அது இழுபடும்."
இழுபடட்டும்.
இழுபடத் தெரியாத ஒருவரோடு
ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

முப்பத்தைந்து கனம், முந்நூறு மீட்டர், நானூற்றெண்பது.
ஈரத்துணியால் நான் பிடித்துக்கொடுக்க அவரே சுற்றினார்.
விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்தினார்.
"நிரம்பத் தந்தால் சந்தோஷப்படுவாய்.
முதல் வீச்சிலேயே குருவிக்கூடாகச் சிக்கும், என்னைத் திட்டுவாய்."
மிச்சம் இருநூற்றிருபது.
கொக்கி, ஈயக்குண்டு, ஒரு பொட்டலம் உறைந்த இறால்.
கைப்பை காலி. கை காலியில்லை.

அன்றிரவு கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால்.
தென்கிழக்குக் காற்று, மூக்கு நுனி மரத்துப்போயிற்று.
இரண்டு மணிநேரம் நண்டுகளுக்கு விருந்து வைத்தேன்.
பிறகு கொர்வினா.
தட்டவில்லை, கொறிக்கவில்லை,
கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறவனைப் போல நேராகப் போனது.
கறுப்பன் கிர்ரென்று கொடுத்தான்,
கொடுத்தான், கொடுத்தான்,
ஒரு இடத்தில்கூடத் திக்காமல்.
என் முழங்கை நடுங்கியது. அவன் நடுங்கவில்லை.

சிப்பி அறுத்துவிட்டது.

நாற்பது மீட்டராவது போயிருக்கும்.
சுருண்டு வந்த நுனி நாக்கில் உப்பு.
அழுகை வரவில்லை, வியப்பாயிருந்தது.
நானூற்றெண்பதில் நாற்பது மீட்டர் என்றால்
அறுபத்துநான்கு பெசோ.
ஒரு கொர்வினாவின் முழு பலத்தைக்
கையில் பிடித்துப் பார்த்ததற்கு.

வீட்டில் டிராக்கை இறுக்கிக் குழாயடியில் காட்டினேன்,
சொட்டுச் சொட்டாய், பீய்ச்சாமல்.
இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
உப்பை வேகமாய் அடித்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்,
விரிப்பிலும் சரி, இரும்பிலும் சரி.
பிறகு டிராக்கைத் தளர்த்தி
மேசைமேல் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன்.

உப்புக்குப் பெறாதவள் என்று
அந்த ஒன்பது வருடக்காரர் சொல்வது வழக்கம்.
நாலு பேரிங், கறுப்பு, கனம்,
காலையில் சுழற்றிப் பார்த்தேன்.
ஓடுகிறது.