பேய்க்காய்

பிஸ்கட் பக்கற்றில் சிரிக்கிற அதே சிரிப்போடு
யூனியன் பிளேஸ் கட்டடத்துக்குள் ருச்சிர வந்தார்.
முன்னால் கண்டி மேளம், பின்னால் கமரா.
"கதா இனி என் குடும்பம்" என்றார்.
லிஃப்ட் அன்றைக்கும் நாலாம் மாடியில் நின்றுபோனது,
குடும்பத்தலைவர் உள்ளே இருக்க,
பதினொரு நிமிடம்.

வெள்ளி இரவு இரண்டே காலுக்கு ஈமெயில்:
இருக்க விருப்பமென்றால் பச்சையை அழுத்து.
ஹிருணி அழுத்தினாள். வீட்டுக் கடன்.
நான் நித்திரை.
அதுவும் ஒரு பதிலாம்.

திங்கள் காலை
என் அட்டைக்குக் கதவு சிவப்புக் காட்டியது.
காவலாளி ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டினான்:
சம்பல் போத்தல், கம்பி உடைந்த குடை.
கொப்பி இல்லை.
ஏழு வருடமாய் எழுதி வந்தது:
எந்தச் சொல் மட்டக்களப்பில் பகிடி,
எது மன்னாரில் கத்தி,
எதை விட்டுவைத்தால்
விடியுமுன் ஒருவனின் கடை எரியும்.
அது கம்பனிச் சொத்தாம்.

நேற்று வெள்ளவத்தையில்
கடைசி ரயில் ஜன்னலை உலுக்கிப் போன பிறகு
கோல் வந்தது.
செயலாளர் இல்லை, அவரே.
தன் படத்துக்குக் கீழே நாற்பதாயிரம் பேர்
ஒரே சொல்லை எழுதுகிறார்களாம்.
எழுத்து எழுத்தாய் வர்ணித்தார்:
சுழித்த கொம்பு,
மூடியில்லாத பெட்டி,
தலையில் புள்ளி.

பேய்க்காய்.

"புகழா, ஏச்சா?"
சொல்லுகிற வாயைப் பொறுத்தது, சேர்.
"எடுத்துவிடலாமா?"
கொப்பியில் முப்பத்தோராம் பக்கம் பாருங்கள்.

அவர் புரட்டுவது கேட்டது.
நெடுநேரம் கேட்டது.
என் கையெழுத்தை வாசிக்க
அந்தக் கட்டடத்தில் இப்போது ஒருவருமில்லை.