வியாழக்கிழமைக்கு வருகிறவர்

சமையலறைக் கதவுக்குப் பின்னால்
ஆணியில் ஒரு தலையணை உறை தொங்கும்.
உள்ளே காய்ந்த பன்கள்.
ஆட்டினால் கூழாங்கல் சத்தம்.
லூப்லினில், நான்காம் மாடியில்,
எங்கள் வீட்டில் ரொட்டியை யாரும் வீசியதில்லை.
கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு
மேசையில் வைப்போம்.

ரொட்டி தானாக மிஞ்சாது.
யாராவது வராமல் போக வேண்டும்.

அதில் ஒன்று செனோனுடையது.
டிராலிபஸ் பணிமனையில் ஒரு மணி நேர வேலை என்று போனவன்
விடிந்துதான் வந்தான்,
எங்கள் வீட்டில் இல்லாத சோப்பு வாசனையோடு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பன்னை எடுத்து உறைக்குள் போட்டேன்.
இன்னொன்று
தங்கையை அடக்கம் செய்த அன்று வாங்கியது.
பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம்,
வெண்ணெய்க் கத்தி கடைசிவரை சுத்தமாகவே இருந்தது.
இதோ இது சீமோவித்துக்கு.
ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்
பொட்டலத்தை மறந்து ஓடினான்.

சனிக்கிழமை துருவியை எடுப்பேன்,
நாலு பக்கத் தகரத் துருவி, ஒரு கால் வளைந்தது.
கோபம் எது, துக்கம் எது, அவசரம் எது
என்று துருவிக்குத் தெரியாது.
எல்லாம் ஒரே நிறத்தில் கிண்ணத்தில் விழும்.
கவனம் பிசகினால்
விரல் முட்டியும் கொஞ்சம் சேரும்.

அரைக் கிலோ கறிக்கு இரண்டு கைப்பிடி தூள்,
ஒரு முட்டை, ஒரு வெங்காயம்:
மூன்று பேருக்கு ஒன்பது கட்லெட்.
கறிக்கடைக்காரரே நம்பமாட்டார்.
காலிஃபிளவர் மேல் தூவ என்றால்
வெண்ணெய் உருகி, நுரை அடங்கி,
கொட்டை வறுத்த வாசம் வரும்போது தூளைப் போடு.
அப்புறம் போன் அடித்தாலும் எடுக்காதே.
பொன்னுக்கும் கரிக்கும் நடுவே
ஒரு தும்மல் தூரம்.
செனோன் "நான் போகிறேன்" என்று சொன்னபோதும்
நான் கரண்டியை நிறுத்தவில்லை.
அன்று தூள் கருகவில்லை.
அதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

அவன் போனான்.
பையன் நார்வேயில் மீன் வெட்டுகிறான்.
நான் ஒரு பன் வாங்கினேன், ஒரு பன் தின்றேன்.
மிச்சம் பிடிக்கிறாள் என்றார்கள் மாடிப்படியில்.
மிச்சமே விழவில்லை என்று
யாரிடம் போய்ச் சொல்வது?
நவம்பரில் ஜாடியின் அடி தெரிந்தது.

கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள்.
வாங்கினேன்.
சலித்த மணல் போல ஒரே அளவு.
நிறம் வந்தது, மொறுமொறுப்பு வந்தது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் இது யார் வராமல் போன ரொட்டி?
ஒருவருக்காகவும் மேசையில் காத்திராமல்
தூளாகவே பிறந்திருக்கிறது.
பாக்கெட்டை மடித்து, ரப்பர் போட்டு,
அலமாரியின் கடைக்கோடிக்குத் தள்ளினேன்.
வீசவில்லை. என்ன இருந்தாலும் ரொட்டி.

திங்கட்கிழமை "இரண்டு" என்றேன்.
ரொட்டிக்கடை டொப்ராவா
இடுக்கியை அந்தரத்தில் நிறுத்தினாள்.
ஏழு மாதமாக ஒன்று வாங்குகிறவள் நான்.
"விருந்தாளியா, போக்னா மேடம்?"
"ஆமாம்."
"எப்போது வருகிறார்?"
கணக்குப் போட்டேன். ரேடியேட்டர் மேல் வைத்தால்
மூன்று நாள்.
"வியாழக்கிழமைக்கு வந்துவிடுவார்."
"அப்படியானால் அன்றைக்கே புதிதாகத் தருகிறேனே?"
"அவருக்குப் பல் கெட்டி" என்றேன்.

இரண்டு தட்டெல்லாம் வைக்கவில்லை,
அவ்வளவு கிறுக்கு இன்னும் பிடிக்கவில்லை.
ஒன்றைத் தின்றேன்.
மற்றதை ரேடியேட்டர் மேல் வைத்தேன்.
செவ்வாய் அழுத்திப் பார்த்தேன், நடுவில் இன்னும் இளக்கம்.
புதன் கம்பியெல்லாம் பனி உறைந்து
டிராலிபஸ் பாதி வழியில் நின்றது.
வீடு வந்தபோது பதினொரு மணி, பார்க்கவே இல்லை.
வியாழன் இரவு
காலிஃபிளவர் வெந்துகொண்டிருக்கும்போது
பன்னின் முதுகில் விரல் முட்டியால் தட்டினேன்.
டக், டக்.
கதவைத் தட்டுகிற அதே சத்தம்.

வருகிறேன், வருகிறேன் என்று
துருவியைத் தேடிப் போனேன்.