நான்காம் கூண்டு

நவம்பரில் கிளாக்ஸ்விக்கில்
மூன்று மணிக்கே விளக்குப் போட்டுவிடுகிறார்கள்.
பெய்ன்டா கர்னலைப் புதுப்பித்தது இரவு பதினொன்றுக்கு,
சால்மன்கள் தின்று முடித்து
தீனிக் குழாய்கள் ஓய்ந்த பிறகு.

அணைவதற்கே அழிச்சாட்டியம்.
ஏதோ ஒரு வேலை நிற்க மறுக்கிறது, காத்திருக்கவும் என்று
சிவப்பு நட்சத்திரம் ஒன்று
அடைப்புக்குள் அங்குமிங்கும் நடந்தது.
தொண்ணூறு நொடி. இன்னொரு தொண்ணூறு.
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள்
மூன்றாவது தொண்ணூறில்
கத்தியை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

எழுந்தது. புதிய பதிப்பெண்ணைச் சொன்னது.
எல்லாம் சரி,
சுமை மட்டும் ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை.
வேலை எதுவும் நடக்கவில்லை, சுமை ஒன்று.
பூட்டிய வீட்டில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

பட்டியலைக் கொட்டிப் பார்த்தாள்.
நூற்றெண்பது வரிகளில் ஒரே ஒரு வரியின் பக்கத்தில்
டி என்ற எழுத்து:
குறுக்கிட முடியாத தூக்கம்.
தூங்குகிறவனை எழுப்பலாம்,
தூங்குவதாய் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பதெல்லாம்
மனிதர்களுக்கு.
இதற்கு நடிக்கத் தெரியாது.
நயமாய்ச் சொன்னாள், பதினைந்து.
அதட்டினாள், ஒன்பது.
ஒன்பதுக்கு மேல் ஆயுதம் கிடையாது.
எமனோலையோடு ஆள் வாசலில் நிற்கிறான்,
உள்ளே இருப்பவர் எழுந்து வந்து வாங்கினால்தானே.

மறுபடி அணைத்தாள். மறுபடி ஏற்றினாள்.
முன்பு எண்ணூற்றுப் பதினேழு, இப்போது எண்ணூற்று நான்கு.
அதே பெயர், அதே தூக்கம்.
அப்போதுதான் உறைத்தது:
மிச்சம் என்று நினைத்ததை
ஒவ்வொரு முறையும் யாரோ புதிதாகப் பெற்றுப்போடுகிறார்கள்.

துவங்கும்போதெல்லாம் இதை ஓட்டு
என்றொரு வரி, ஹோக்னியின் கணக்கில்.
அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது,
ஆல்போர்க்கில் காற்றாலைக் கம்பெனி.
நான்காம் கூண்டின் பெட்டியைக் கூப்பிட்டு
நீரின் சூடு எவ்வளவு என்று கேட்பதற்காக எழுதியது.
இணைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்,
பதில் வரும்வரை விடாதே என்று
கூடவே ஒரு கட்டளை.
பெட்டி, முந்தின குளிர்காலப் புயலிலிருந்து
கடலடியில் கிடக்கிறது.
விடவில்லை அது.

ஹோக்னிக்குச் செய்தி அனுப்பினாள்.
ஒன்று நாற்பதுக்குப் பதில்:
அதுவா, இன்னும் ஓடுதா?
ஒரு சிரிப்பு முகம்.
பிறகு நெடுநேரம் மூன்று புள்ளிகள் துடித்தன,
நின்றன, துடித்தன.
எடுத்துடு.

எடுக்கவில்லை.
வரிக்கு முன்னால் ஒரு வேலிக்குறி மட்டும் போட்டாள்,
இணைப்பு வரிக்கு முன்னாலும் ஒன்று.
மூன்றாம் முறை ஏற்றியபோது
சுமை புள்ளி பூஜ்யம் மூன்று.
காய்ந்துபோன ரொட்டியைத் தின்றாள்.

காலை ஆறு மணிக்கு மிதவையிலிருந்து சுன்னுவா கூப்பிட்டாள்.
காப்பி மெஷின் பக்கத்துப் பலகையில்
நாலாம் கட்டத்தில் கோடு விழுந்திருக்கு.
முன்னே என்ன இருந்தது?
பூஜ்யம். எப்பவும் பூஜ்யம்.

பெய்ன்டா பலகையின் நிரலைத் திறந்தாள்.
ஆள் இருந்து பதில் இல்லையென்றால் பூஜ்யம்.
ஆளே இல்லையென்றால் கோடு.
அவ்வளவுதான், இரண்டு வரி.

அந்தக் கூண்டு போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுதே, சுன்னுவா.
எனக்குத் தெரியாதா? மத்ததைக் காப்பாத்த
அதோட கயிறை அறுத்ததே நான்தான்.
படகு எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம்.
கோடு ஏன்னுதான் கேட்டேன்.

வேலிக்குறிக்குப் பக்கத்தில் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஏழு மணிக்கு, இன்னும் இருட்டு விலகாத நீரின் மேல்
தீனிக் குழாய்கள் இருமத் தொடங்கின:
ஒன்று, இரண்டு, மூன்று,
ஐந்து.