கொண்டை ஊசி

மசினகுடியில் ஏறும்போது
ஒரு பருதான்.
வலது காதுக்குள், விரல் எட்டியும் எட்டாத இடத்தில்
ஒரு கடுகு.

கல்லட்டிக்கு முப்பத்தாறு வளைவு.
ஐந்தாவதில் அது மிளகு.
பன்னிரண்டாவதில் ஜவரையண்ணன் கியர் மாற்றினார்,
என் பல்லெல்லாம் அந்தக் காதில்தான் வேர்விட்டிருக்கிறது
என்று அப்போது தெரிந்தது.

மலை ஏற ஏற எல்லாருக்கும் காது அடைக்கும்,
எச்சில் விழுங்குவார்கள், திறக்கும்.
நானும் விழுங்கினேன்.
இடது காது டப் என்றது.
வலது காது என் வம்சத்தையே திட்டியது.
பக்கத்து சீட்டுக்காரி முறுக்கு நீட்டினாள்.
முறுக்கா, தாயே?

ஊட்டியில் மழை. டோக்கன் நாற்பத்தொன்று.
டாக்டர் லிங்கம்மா காது மடலை
மெல்லத்தான் இழுத்தார்.
மெல்லத்தான்.
ட்யூப் லைட் இரண்டாகத் தெரிந்தது.

"உள்ளே என்ன விட்டீங்க?"
"ஒண்ணும் இல்லீங்க."
"குச்சி?"
"இல்லீங்க."
"எண்ணெய்?"
"பூண்டு போட்டு ஒரே சொட்டு. அதும் நேத்துதான்."
விளக்கை அணைத்தார்.
காதை விட்டுவிட்டு
என் கொண்டையைப் பார்த்தார்.

சும்மா ஒரு அரிப்புங்க.
ரிசார்ட்டில் ஒரே ஹெட்செட், மூன்று பேர் காது.
நாள் முழுக்க "ஆமா சார், யானை வரும் சார்."
போனை வைத்ததும் உள்ளே ஊறும்.
ஊசியை உருவி, கண்ணை மூடி,
வளைந்த பக்கத்தால் ஒரு சுற்று.
அந்தச் சுகத்தை
உங்களுக்கு எப்படிச் சொல்ல, டாக்டர்.

மயிர்க்காலில் சீழ் கட்டியிருக்கு,
தானா உடையட்டும், பிதுக்காதீங்க என்றார்.
மருந்தில் தோய்த்த துணித்திரி ஒன்று உள்ளே போனது.
ஐந்து நாள் மாத்திரை, மூன்று வேளை ஒத்தடம்,
தலைக்கு ஊற்றினால் காதில் வாஸ்லின் பஞ்சு.
"இது எத்தனாவது தடவை?"
"இந்த வருசத்துல மூணு."
பேனா நின்றது.
காதுக்கு வந்தவளின் விரலைக் குத்தி
சர்க்கரை பார்த்தார்கள்.
எண்ணைச் சொல்லவில்லை.
நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க என்றார்.
நாளைக்கும் முப்பத்தாறு.

இறங்கும்போது நான் எண்ணவில்லை.
கண்டக்டர் வாளிக்குள்ளிருந்து சில்லறை கேட்டார்.
ஊசி டாக்டரின் எனாமல் தட்டில்.
பத்து ரூபாய்க்கு மூன்று ரப்பர் பேண்டு வாங்கியும்
கூந்தல் அவிழ்ந்தேதான் கிடந்தது.

சீகூர்க் காற்று சூடாக ஜன்னலில் ஏறியபோது
இடது காது அரித்தது.
கை தானாகத் தலைக்குப் போய்
தேடிவிட்டுத் திரும்பியது.