முதலியன

நாலு வருஷம் கழித்து மேடானிலிருந்து
ஒரு கடிதம்.
பினாங்கு வழியாய் நாகப்பட்டினம் வந்த கப்பல்காரன்
இடுப்பு வாரில் மடித்து வைத்திருந்தான்.
வியர்வையில் மை ஊறி
ஓரமெல்லாம் நீலம்.

படிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.
பெலாவான் துறைமுகத்தில் ஏழு வருஷம்
கிராணியாய் மூட்டை எண்ணியவன் நான்.
கீழக்கரையில் மலாய் தெரிந்தவர் நிறையப் பேர்.
வாடைக்காற்றில் வத்தைகள் கரையேறிக் கிடந்த அன்றைக்குச்
சும்மா இருந்தவன் நான்தான்.

கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.
அந்தப் பக்கம் ஆசியா நாச்சியா.
இந்தப் பக்கம் நான், ஒரு முக்காலி,
சங்குக் கிட்டங்கியின் நாற்றம்.

"நலம். கடை எரிந்தது. நான் எரியவில்லை."
சேகு நெய்னா எப்போதும் சுருக்கம்.
பணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.
அடுத்த தாளில் அவனே இல்லை,
ஒரு தேசம் இருந்தது.

சுவரில் ஒட்டியதைப் பார்த்து எழுதியிருக்கிறான்.
மொத்தம் இரண்டே வாக்கியம்.
ஒரு வீட்டுக் கிரயத்துக்கே
எங்கள் பத்திர எழுத்தர் ஆறு பக்கம் எழுதுவார்,
நான்கெல்லை, கிணற்றுப் பாத்தியம், தென்னை மூன்று என்று.
இது டச்சுக்காரனைக் கிளம்பச் சொல்லும் தாள்.

தேதிக்குப் பக்கத்தில் வருஷம் 05.
"அது என்ன கணக்கு, ஹிஜ்ரியா?"
ஜப்பான்காரன் கணக்கு, என்றேன்.
"விடுதலைக்கும் இரவல் வருஷமா?" என்றது கதவு.

முதல் வாக்கியம்: இனி நாங்கள் எங்களுடையவர்கள்.
அடுத்தது: அதிகாரம் கைமாறுவது, அப்புறம்
மூன்று எழுத்து, மூன்று புள்ளி,
எல்லாம் ஒழுங்காகவும் சீக்கிரமாகவும் நடக்கும்.

"அந்த மூணு எழுத்து?"
டான் லாயின்-லாயின். வேறு வேறு, மற்றவை.
பத்திரத் தமிழில் முதலியன.

சிறிது நேரம் வளையல் சத்தம் மட்டும்.
"நாடு வாங்குறப்பக் கூடவா
முதலியனன்னு எழுதுவாங்க?"

அவசரம், என்றேன்.
சரக்குச் சீட்டில் நானும் எழுதியிருக்கிறேன்:
கைலி இருபது கட்டு, கருவாடு, புளி, முதலியன.
அந்த முதலியனவுக்குள் ஒருமுறை
ஓர் ஆள் ஒளிந்து வந்து இறங்கினான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்ப அவுக அதுக்குள்ளதான் இருப்பாக,"
என்றாள் மெல்ல.
"கடை எரிஞ்சது, வராத பாக்கி,
அங்கெ ஒரு பொண்டாட்டி இருந்தா அவ,
அவுக எந்த நாட்டு ஆளுங்குறது..."

பதில் எழுதச் சொன்னாள்.
கூப்பன் அரிசியில் புழு.
மகள் நிச்சயம் தள்ளிப் போனது.
வடக்குச் சுவர் மழையில் விழுந்தது.
நிறுத்தினாள்.
"மத்ததுக்கு முதலியனன்னு போடுங்க."
கதவுக்குப் பின்னால் சிரிப்பா அழுகையா,
எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில்
தபாலாபீஸ் கம்பத்தில் நம் கொடி.
ராமநாதபுரத்திலிருந்து வந்த பேப்பரைக்
கடைத்தெருவில் தொண்டை வறளப் படித்துவிட்டு
அந்த வழியே வந்தேன்.
அதே விரற்கடை.

"நம்மளுதுல எத்தனை வாக்கியம்?"
நிறைய, என்றேன்.
"முதலியன இருக்கா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று
முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.
வடக்குச் சுவர் இன்னும் எழும்பவில்லை.
சேகு நெய்னாவிடமிருந்து
இரண்டாவது கடிதமும்.