திருத்தக்கோடு

ஆறு மைலுக்கு ஆறு மைல்.
வடகிழக்கு மூலையில் ஒன்று எனத் தொடங்கி
மேற்கே போய், ஒரு வரி இறங்கி, கிழக்கே திரும்பி,
உழவுமாடு திரும்புகிற மாதிரி எண்ணிக்கொண்டே போனால்
தென்கிழக்கு மூலையில் முப்பத்தாறு.
அவ்வளவுதான் ஹால்விக் டவுன்ஷிப்.
மலை கிடையாது.
ஆறு என்று சொல்லிக்கொள்ள ஓர் ஓடை,
அதுவும் ஏப்ரலில் மட்டும் ஞாபகம் வந்து ஓடும்.

சங்கிலி பிடித்து அளந்தவர்கள்
'குடியிருப்போர் எவருமில்லை' என்று எழுதிப்போனார்கள்.
அதே நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி:
'டகோட்டாக்காரர் பாதை ஒன்று குறுக்கே போகிறது,
நன்றாக மிதிபட்டது.'
நான் இங்கே கிளார்க். அந்தப் பிரதி என் அலமாரியில்தான் இருக்கிறது.
இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்காமல்
நூற்று நாற்பது வருடமாக ஒட்டிக் கிடக்கின்றன.

வடக்கு எல்லையில்
நூல் பிடித்தாற்போல் வந்த சாலை
சட்டென்று இருநூறடி மேற்கே விலகி
மறுபடி வடக்கே போகும்.
யாருடைய பிடிவாதமும் இல்லை, லஞ்சமும் இல்லை.
பூமி உருண்டை.
நேர்க்கோடுகள் வடக்கே போகப்போக நெருங்கிவிடுகின்றன.
சேர்ந்துபோன பிழையையெல்லாம்
எங்கள் எல்லையில் கொண்டுவந்து கொட்டிக்
கணக்கை நேர்செய்தார்கள்.
பனிக்காலம்தோறும் யாராவது ஒருவர்
பூமி தட்டை என்று நம்பி நேரே ஓட்டி
ரோல்ஃப் எங்கெபிரெட்சனின் வேலியைப் பிய்த்துக்கொண்டு
சூரியகாந்தித் தட்டைகளுக்குள் போய் நிற்பார்.

மார்ச் செவ்வாய், ஆண்டுக்கூட்டம்.
பதினாறாம் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு எனச் சட்டம் ஒதுக்கியது.
பிள்ளைகள் இல்லை, கரும்பலகை இருக்கிறது.
வரவுசெலவை அதில்தான் எழுதுவேன்:
சரளைக்கு ஒன்பதாயிரம்,
மதகுக் குழாய்க்கு நாலாயிரத்து இருநூறு,
கிளார்க்குக்கு முந்நூறு.
'கிளார்க்கைக் கடைசியில் எழுதினால் போதும்' என்றான் டெல்மர்.
எட்டுப் பேர் வந்திருந்தோம், என்னையும் சேர்த்து.

கலைத்துவிடலாம் என்று முன்மொழிந்ததும் அவன்தான்.
மூன்று மேற்பார்வையாளரில் ஒருவர் முதியோர் இல்லத்தில்,
ஒருவர் ஃபார்கோவில் மகள் வீட்டில்,
மிச்சம் டெல்மர்.
'கவுண்டி எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே கலப்பையை ஓட்டுவது அவர்கள்தானே.'
லவோன் ட்வெய்ட் எழுந்து நின்று
தன் மாமனார் மண்வெட்டியால் வெட்டிய சாக்கடையைப் பற்றிப்
பதினைந்து நிமிடம் பேசினாள்.
குறிப்பேட்டில் அது ஒரு வரி.
கை தூக்கினோம். நாலுக்கு நாலு.

அப்போதுதான் கதவு திறந்தது.
முழங்கால்வரை பனி, ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
'அந்த வளைவில் யாராவது ஒரு விளக்கு வைக்கக் கூடாதா?'
வண்டி வயலுக்குள். டிராக்டர் வேண்டும்.
எங்கிருந்து வருகிறாய் என்றோம்.
இங்கிருந்துதான் என்றான்.
பழைய ஹோவ்லண்ட் வீட்டை நவம்பரில் வாங்கியது அவனாம்.
பிறந்தது டெக்சாஸ், வேலை பீட்ரூட் சர்க்கரை ஆலையில் இரவு ஷிஃப்ட்.
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
நாலு மாதம் அவன் புகைபோக்கி புகைந்திருக்கிறது.

'அப்படியானால் உனக்கு ஓட்டு உண்டு' என்றேன்.
எதற்கு என்று கேட்டான். சொன்னோம்.
'கவுண்டி வந்தால் வளைவை நேராக்குமா?'
டெல்மர் பொய் சொல்லத் தெரியாதவன்.
'ஆகாது. பூமியோடு சண்டை போட முடியுமா?'
'விளக்கு?'
'எழுதிப் போடலாம். மூன்று வருடம் ஆகும்.'
'இங்கே கேட்டால்?'
'இங்கே கேட்டால், இதோ, கேட்டுவிட்டாய்.'
ஹீட்டர் முன்னால் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே
கலைக்க வேண்டாம் என்று கையைத் தூக்கினான்.

டெல்மருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.
டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு அவனோடு வெளியே போனான்.
ஆள் இல்லாத அந்த நேரத்தில்
மேற்பார்வையாளராக அவனையே போட்டுவிட்டோம்.
எதிர்ப்பு: இல்லை.
மறுக்க வாய்ப்பு: அதுவும் இல்லை.

தூரத்தில் சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது.
எலியாசர் என்றான், அது நினைவிருக்கிறது.
குடும்பப்பெயர் நீளம்; டிராக்டர் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.
தப்பாக எழுத மனமில்லை.
குறிப்பேட்டில் ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.
கதவை அவர்கள் சரியாகச் சாத்தவில்லை.
பனி உள்ளே வருகிறது.